நிதி திரட்டும் திரையிடல்கள்: சீட்டுப் பணம் காசாவையும் லெபனானையும் சென்றடைவது எப்படி?

வாடகைக்கு ஒரு கூடம், ஒரு புரொஜெக்டர், நூறு நாற்காலிகள். இவை இருந்தால் யாரும் ஒரு திரைப்படத்தைத் திரையிட்டு நிவாரண நிதி திரட்டிவிடலாம் என்றே வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தோன்றும். 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு, மேற்கத்திய நாடுகளின் பல நகரங்களில் பல்கலைக்கழக அரங்குகளிலும் தேவாலயக் கூடங்களிலும் சிறிய திரையரங்குகளிலும் இத்தகைய திரையிடல்கள் நடந்து வருகின்றன. 2024 செப்டம்பரில் லெபனான் மீதான இஸ்ரேலின் தாக்குதல் தீவிரமடைந்ததும், அறிவிப்புச் சுவரொட்டிகளில் காசாவின் பெயருடன் லெபனானின் பெயரும் இடம்பெறத் தொடங்கியது.

பார்வையாளர் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு உண்மையில் அந்த மக்களைச் சென்றடைகிறது? வழியில் எங்கெங்கே குறைகிறது? படத்தைத் திரையிடுவதற்கே ஏன் சில இடங்களில் தடை எழுகிறது?

இரு பெயர்களும் ஒன்றாக வருவது ஏன்?

பாலஸ்தீனர்களையும் லெபனானியரையும் ஒரே நிகழ்ச்சியில் சேர்ப்பதற்குப் போர் மட்டுமே காரணம் அல்ல. 1948-இல் வீடிழந்து வெளியேறிய பாலஸ்தீனர்களில் ஒரு பகுதியினர் லெபனானில் தஞ்சமடைந்தனர். அங்கு இன்றும் 12 அதிகாரபூர்வ அகதி முகாம்கள் உள்ளன. பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பான 'உன்ரா'வின் லெபனான் பதிவேட்டில் 4.8 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. எனினும் அங்கு உண்மையில் வசிப்போர் அதில் ஏறத்தாழ பாதியளவினரே என மதிப்பிடப்படுகிறது. மருத்துவம், சட்டம் உள்ளிட்ட பல தொழில்களில் ஈடுபட அவர்களுக்கு அனுமதியில்லை. 2001-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தால் சொத்து வாங்கும் உரிமையும் இல்லாமற்போனது. ஆகவே, தெற்கு லெபனானில் குண்டு விழும்போது இடம்பெயர்வோரில் லெபனானியரும் இருப்பர்; மூன்று தலைமுறைகளாக முகாமில் வாழும் பாலஸ்தீனர்களும் இருப்பர்.

இத்தகைய திரையிடல்களின் நிதியைப் பெறும் அமைப்புகளில் ஒன்றான 'மெடிக்கல் எய்ட் ஃபார் பாலஸ்டினியன்ஸ்' பிறந்த கதையும் இதையே காட்டுகிறது. 1982 செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலா பகுதிகளில் நடந்த படுகொலையின்போது, அங்குள்ள 'காசா மருத்துவமனை'யில் பணியாற்றியவர் ஆங் ஸ்வீ சாய். மலேசியாவின் பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் அவர். அவரும் சகாக்களும் 1984-இல் பிரிட்டனில் தொடங்கிய இந்த அமைப்பு காசா, மேற்குக் கரை, லெபனான் ஆகிய மூன்று இடங்களிலும் செயல்படுகிறது.

லெபனானுக்கெனத் தனியாகத் திரட்டப்படும் நிதியைப் பெறுவோரில் லெபனான் செஞ்சிலுவைச் சங்கம் முக்கியமானது. 1945-இல் தொடங்கப்பட்ட இச்சங்கம் நாடு முழுவதும் ஆம்புலன்ஸ் சேவையைக் கட்டணமின்றி நடத்துகிறது. அதில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். 2024 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் 500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக லெபனான் சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 27-இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வருவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறியிருந்தனர்.

கூடத்துக்குள் நடக்கும் கணக்கு

சீட்டின் விலை முழுவதும் நன்கொடை என்று பார்வையாளர் நினைப்பது இயல்பு. ஆனால் 'வருவாய் முழுவதும்' என்று அறிவிப்பில் எழுதுவதும், 'செலவு போக எஞ்சிய தொகை' என்று எழுதுவதும் ஒன்றல்ல.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். 120 இருக்கைகள், சீட்டு ஒன்றுக்கு 300 ரூபாய் என்றால் வசூல் 36,000 ரூபாய். கூட வாடகை 10,000, படத்தைத் திரையிடும் உரிமத்துக்கு 8,000, புரொஜெக்டர் மற்றும் ஒலிபெருக்கிக்கு 5,000, இணையவழிச் சீட்டு விற்பனைக் கட்டணம் 1,500 எனக் கொண்டால் செலவு 24,500 ரூபாய் ஆகிறது. நன்கொடையாக எஞ்சுவது 11,500 ரூபாய் மட்டுமே. கூடத்தின் உரிமையாளர் வாடகையையும் விநியோகஸ்தர் உரிமக் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்தால் அதே மாலையில் 29,500 ரூபாய் கிடைத்துவிடும். ஆக, நிதியின் அளவை முடிவுசெய்வது வந்த கூட்டத்தைவிட, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான்.

உரிமக் கட்டணம் என்பது பலரும் எதிர்பாராத செலவு. குறுந்தகட்டை விலைக்கு வாங்கியதாலோ, ஓடிடி தளத்துக்குச் சந்தா கட்டியதாலோ ஒரு படத்தைப் பொது இடத்தில் திரையிடும் உரிமை கிடைத்துவிடாது. அது வீட்டில் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. பொதுத் திரையிடலுக்கு விநியோகஸ்தரிடமோ படைப்பாளியிடமோ தனியே உரிமம் பெற வேண்டும். நோக்கம் நல்லது என்பதற்காக இந்த விதி தளர்வதில்லை.

'காசாவுக்காகத்தானே, கட்டணத்தை விட்டுக்கொடுக்கலாமே' என்று படைப்பாளியிடம் கேட்பதிலும் ஒரு முரண் உண்டு. 2024-இல் வெளியான 'ஃப்ரம் கிரவுண்ட் ஸீரோ' காசாவிலிருந்த படைப்பாளிகள் எடுத்த 22 குறும்படங்களின் தொகுப்பு. காசாவின் ஷாத்தி முகாமில் பிறந்த இயக்குநர் ரஷீத் மஷராவி இதை ஒருங்கிணைத்தார். அந்த 22 பேரும் நிவாரணம் தேவைப்படும் நிலையில் இருந்தவர்களே. அவர்களின் படத்துக்கு உரிய கட்டணத்தைச் செலுத்துவதும் ஒருவகையில் நிவாரணம்தான்.

பிரிட்டனில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அங்கு நன்கொடையாளர் செலுத்திய வரியில் ஒரு பகுதியை அரசிடமிருந்து அறக்கட்டளைகள் திரும்பப் பெறும் 'கிஃப்ட் எய்ட்' திட்டம் உண்டு. ஒரு பவுண்டு நன்கொடைக்குக் கூடுதலாக 25 பென்ஸ் கிடைக்கும். ஆனால் நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கும் பணம் நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அது ஒரு சேவைக்கான விலை. இதனால் சில அமைப்பாளர்கள் நுழைவை இலவசமாக்கி, வாசலில் விருப்ப நன்கொடை பெறுகின்றனர். அதே பார்வையாளர்கள், அதே தொகை. அறக்கட்டளைக்குச் சேர்வது மட்டும் கூடுகிறது.

பெருந்தொகை திரட்டுவதற்குத் திரையிடல் தகுந்த வழியா என்ற கேள்வியும் எழுகிறது. 2024 ஏப்ரலில் பிரிட்டனின் திரைப்படப் பத்திரிகையாளர்களும் படைப்பாளிகளும் சேர்ந்து 'சினிமா ஃபார் காசா' என்ற பெயரில் ஓர் ஏலம் நடத்தினர். 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்தின் இயக்குநர் ஜோனதன் கிளேசர் கையெழுத்திட்ட சுவரொட்டிகள், நடிகை டில்டா ஸ்விண்டன் உறங்கும் நேரத்தில் கதை படித்துச் சொல்வது போன்றவை ஏலத்துக்கு வந்தன. மெடிக்கல் எய்ட் ஃபார் பாலஸ்டினியன்ஸ் அமைப்புக்கு 2.5 லட்சம் பவுண்டுக்கும் அதிகமான தொகை திரண்டது. சிறு கூடத் திரையிடல்கள் நூற்றுக்கணக்கில் நடந்தாலும் இத்தொகையை எட்டுவது கடினம். ஆனால் ஏலத்தில் பங்குகொள்ள வசதி வேண்டும். திரையிடலுக்கு ஒரு சீட்டு போதும். அங்கு வருவோரில் பலர் அதற்கு முன் இவ்விஷயத்தில் அக்கறை காட்டாதவர்களாகவும் இருப்பர்.

வங்கியைக் கடந்த பிறகு

திரண்ட பணம் நாட்டின் எல்லையைத் தாண்டும்போதுதான் பெரிய தடைகள் தொடங்குகின்றன. ஹமாஸ், ஹிஸ்புல்லா ஆகியவற்றின் மீது அமெரிக்காவும் பிரிட்டனும் தடைகள் விதித்துள்ளன. காசா, லெபனான் என்ற பெயர்களைக் கண்டதும் வங்கிகள் கூடுதல் ஆவணங்களைக் கேட்பதும், பரிமாற்றத்தைத் தாமதப்படுத்துவதும் வழக்கமாகிவிட்டது. பதிவு பெற்ற பெரிய அமைப்புகளிடம் இதைக் கையாளும் கணக்காளர்கள் உள்ளனர். ஒரு மாலை நிகழ்ச்சிக்காகக் கூடிய நண்பர் குழுவிடம் அந்த வசதி இருக்காது.

நேரடியாக ஒரு குடும்பத்துக்கு அனுப்ப விரும்புவோர் 'கோஃபண்ட்மீ' போன்ற தளங்களை நாடுகின்றனர். ஆனால் அத்தளத்திலிருந்து காசாவிலோ லெபனானிலோ இருப்பவர் நேரடியாகப் பணத்தைப் பெற இயலாது. தளம் இயங்கும் நாடுகளில் ஒன்றில் வசிக்கும் உறவினரோ நண்பரோ பெற்று, பிறகு அனுப்பிவைக்க வேண்டும்.

அவ்வாறு வங்கிக் கணக்கில் பணம் ஏறினாலும் அதை நோட்டாகக் கையில் பெறுவது காசாவில் தனிப் போராட்டம். போர் தொடங்கியபின் புதிய நோட்டுகள் உள்ளே அனுப்பப்படவில்லை; வங்கிக் கிளைகளும் தானியங்கி இயந்திரங்களும் பெரும்பாலும் அழிந்தன அல்லது மூடப்பட்டன. கணக்கில் உள்ள தொகையைப் பணமாக்கித் தர இடைத்தரகர்கள் 2025-இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை கழிவு எடுத்தனர். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் எல்லோரும் விட்டுக்கொடுத்ததால் சேர்ந்த 29,500 ரூபாயில், குடும்பத்தின் கைக்குக் கிடைத்திருப்பது 17,700 ரூபாய். கைப்பேசி வழிப் பரிமாற்றம் பரவியதும், வங்கிப் பணத்தை நேரடியாக ஏற்கும் கடைகள் தோன்றியதும் இந்த இழப்பை ஓரளவு குறைத்தன.

லெபனானின் சிக்கல் வேறு வகையானது. 2019 அக்டோபரில் அந்நாட்டு வங்கித் துறை நிலைகுலைந்தது. டாலருக்கு ஏறத்தாழ 1,507 ஆக இருந்த லெபனான் பவுண்டின் மதிப்பு பின்னர் 89,500 என்ற அளவுக்குச் சரிந்தது. வங்கியில் டாலர் சேமித்து வைத்திருந்தோர் அதை எடுக்க முடியாமல் தவித்தனர். நெருக்கடிக்கு முன் போட்ட பணம் கணக்கில் எண்ணாக மட்டுமே நின்றது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் டாலர் மட்டுமே முழு மதிப்புடன் புழங்கியது. அதை அங்கு 'புதிய டாலர்' என்றே அழைக்கின்றனர். இதனால் லெபனானில் சிறு நன்கொடைக்கும் அதன் எண்ணளவை மீறிய மதிப்பு உண்டு. வெளிநாட்டு உறவினர்கள் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக அனுப்பும் தொகையே பல குடும்பங்களைத் தாங்கிவருகிறது.

எந்தப் படங்கள்?

ஏற்பாட்டாளர்கள் தேர்ந்தெடுக்கும் படங்களில் ஆவணப்படங்களே அதிகம். மேற்குக் கரையின் பிலின் கிராமத்தைச் சேர்ந்த இமாத் புர்னாத், இஸ்ரேலியரான கய் டேவிடியுடன் இணைந்து இயக்கிய '5 புரோக்கன் கேமராஸ்' (2011), லெபனானின் மிகப் பெரிய முகாமான ஐன் அல்-ஹில்வேயில் வளர்ந்த மஹ்தி ஃப்ளைஃபெல் எடுத்த 'எ வேர்ல்ட் நாட் அவர்ஸ்' (2012), மை மஸ்ரியின் 'சில்ட்ரன் ஆஃப் ஷத்திலா' (1998) ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. கதைப்படங்களில் நதீன் லபாகியின் 'கேப்பர்னாம்' (2018) பெய்ரூட்டின் குடிசைப் பகுதிச் சிறுவனைப் பற்றியது. கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது.

'ஃப்ரம் கிரவுண்ட் ஸீரோ' தொகுப்பில் 'டாக்ஸி வனிஸ்ஸா' என்றொரு படம் உண்டு. கழுதை வண்டி ஓட்டுபவர் ஒருவரைப் பற்றிய கதை அது. பாதியில் கதை நிற்கிறது; இயக்குநர் எதிமாத் வஷாஹ் திரையில் தோன்றுகிறார். படப்பிடிப்பின்போது தம் சகோதரரும் அவரது குடும்பத்தினரும் கொல்லப்பட்டதால் கதையை முடிக்க இயலவில்லை என்று விளக்குகிறார். முடிக்கப்படாத அந்தப் படமே தொகுப்பில் இடம்பெற்றது. பாலஸ்தீனத்தின் சார்பில் அனுப்பப்பட்ட இத்தொகுப்பு, ஆஸ்கர் விருதின் சர்வதேசப் படப் பிரிவில் இறுதி 15 படங்கள் கொண்ட பட்டியல்வரை சென்றது.

திரையிடலுக்கு எழும் எதிர்ப்புகள்

பரிசு பெற்ற படத்துக்கும் அரங்கு கிடைப்பது உறுதியில்லை. மேற்குக் கரையின் மசாஃபர் யத்தா கிராமங்கள் இடிக்கப்படுவதைப் பதிவுசெய்த 'நோ அதர் லேண்ட்' படத்தை பாசெல் அத்ரா, ஹம்தான் பல்லால் ஆகிய பாலஸ்தீனர்களும் யுவல் ஆபிரஹாம், ரேச்சல் ஸோர் ஆகிய இஸ்ரேலியர்களும் இணைந்து இயக்கினர். இப்பகுதியை 1980-களில் ராணுவப் பயிற்சிக் களமாக இஸ்ரேல் அறிவித்தது. அங்கு வசிப்போரை வெளியேற்ற 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 பெர்லின் விழாவில் சிறந்த ஆவணப்பட விருது பெற்றும் அமெரிக்காவில் எந்த விநியோகஸ்தரும் படத்தை வாங்கவில்லை. படக்குழுவினர் தாமாகவே திரையரங்குகளில் வெளியிட்டனர். 2025 மார்ச் 2-இல் ஆஸ்கர் கிடைத்தது. படம் இஸ்ரேலைத் தவறாகச் சித்திரிப்பதாக அந்நாட்டின் கலாசார அமைச்சர் மிக்கி ஸோஹர் கண்டனம் தெரிவித்தார்.

விருது அறிவிக்கப்பட்ட சில நாள்களில், மியாமி பீச் மேயர் ஸ்டீவன் மெய்னர், இப்படத்தைத் திரையிட்டதற்காக 'ஓ சினிமா' என்ற சிறு திரையரங்கின் குத்தகையை முடித்துக்கொள்ள முனைந்தார். அது நகராட்சிக்குச் சொந்தமான கட்டடத்தில் இயங்குகிறது. பொதுமக்களும் திரைத் துறையினரும் எதிர்த்ததைத் தொடர்ந்து அந்தத் தீர்மானம் கைவிடப்பட்டது. அதே மாதத்தில் இயக்குநர் ஹம்தான் பல்லால் தம் கிராமத்தில் குடியேறிகளால் தாக்கப்பட்டு, இஸ்ரேலியப் படையினரால் ஒரு நாள் காவலில் வைக்கப்பட்டார்.

இந்தியாவில் கேள்வி தணிக்கைச் சான்றிதழைச் சுற்றி எழுகிறது. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது. திரைப்பட விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்கலாம். 2025 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த 30-ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் 19 படங்களுக்கு முதலில் இந்த விலக்கு கிடைக்கவில்லை. பாலஸ்தீனம் தொடர்பான படங்களும், ஐசன்ஸ்டைனின் 1925-ஆம் ஆண்டுப் படமான 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்'னும் அவற்றில் இருந்தன. சர்ச்சைக்குப் பின் பெரும்பாலான படங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அரசே நடத்தும் விழாவுக்கே இந்த நிலை எனில், நிதி திரட்டுவதற்காகச் சீட்டு விற்கும் சிறு குழுவின் வழி இன்னும் குறுகலானது.

இந்தியாவிலிருந்து அனுப்ப முடியுமா?

தனிநபருக்கு வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பண அனுப்புதல் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அன்பளிப்பும் நன்கொடையும் இதில் அடங்கும். ஆனால் இந்தியாவில் பதிவு பெறாத வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை கிடைக்காது. அறக்கட்டளைகளுக்கு நிலைமை கடினம். வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால், முன் ஒப்புதல் இல்லாத நிலையில் அத்தொகைக்கு வரிவிலக்கு இராது. திரையிடல் நடத்தி, ஓர் அறக்கட்டளையின் கணக்கில் பணத்தைச் சேர்த்து, அதை மொத்தமாக பெய்ரூட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணுவோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றனர்.

இந்திய அரசு தன் அளவில் உன்ரா அமைப்புக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வழங்கிவந்துள்ளது. லெபனானுக்கு 2024 அக்டோபரில் 33 டன் மருந்துப் பொருள்களை அறிவித்து, முதல் தவணையாக 11 டன்னை அனுப்பியது.

அரங்கம் தங்குமிடமாதல்

2024 போரின்போது லெபனானில் சில அரங்குகள் படம் காட்டுவதை விட்டு வேறொரு பணியை ஏற்றன. தைர் நகரைச் சேர்ந்த நாடகக் கலைஞர் கஸ்ஸெம் இஸ்தான்புலி, மூடிக் கிடந்த பழைய திரையரங்குகளைப் புதுப்பித்து இலவச நுழைவுடன் நடத்திவருபவர். பெய்ரூட்டின் ஹம்ரா பகுதியில் அவர் புதுப்பித்துவந்த 'லெ கொலிசே' அரங்கிலும், திரிப்போலியில் உள்ள அரங்கிலும் தெற்கிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டன. மெத்தைகள் விரிக்கப்பட்டன, குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சியும் நடந்தது.

2006-இலும் இதுபோல் நடந்திருக்கிறது. பெய்ரூட்டின் மெட்ரோபோலிஸ் திரையரங்கு அவ்வாண்டு ஜூலையில் திறக்கப்பட்ட மறுநாளே இஸ்ரேல்–ஹிஸ்புல்லா போர் மூண்டது. அரங்கு இடம்பெயர்ந்தோரின் புகலிடமாயிற்று. பொருளாதார நெருக்கடியால் பின்னர் மூடப்பட்ட அது, 2024 டிசம்பரில், போர்நிறுத்தம் வந்த சில வாரங்களில், புதிய இடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

டோக்கியோவில் எஞ்சிய 20 சுருள்கள்

இத்தகைய திரையிடல்கள் காசா போரோடு தோன்றியவை அல்ல. முஸ்தஃபா அபு அலி, சுலாஃபா ஜதல்லா, ஹனி ஜவ்ஹரியே ஆகியோர் 1968-இல் பாலஸ்தீனத் திரைப்படப் பிரிவைத் தொடங்கினர். ஜோர்டானிலிருந்து பெய்ரூட்டுக்கு இடம்பெயர்ந்த இந்தப் பிரிவு, முகாம்களின் வாழ்வையும் தாக்குதல்களையும் படமாக்கியது. தெற்கு லெபனானின் நபத்தியே முகாம் மீதான விமானத் தாக்குதலைப் பதிவுசெய்த அபு அலியின் 'தே டூ நாட் எக்ஸிஸ்ட்' (1974) அவற்றில் புகழ்பெற்றது. இப்படங்களின் 16 மி.மீ. பிரதிகள் பல நாடுகளின் ஆதரவுக் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. அக்குழுக்கள் தங்கள் ஊர்க் கூடங்களில் அவற்றைத் திரையிட்டன.

1982-இல் இஸ்ரேலியப் படைகள் பெய்ரூட்டை முற்றுகையிட்ட காலத்தை ஒட்டி அந்தப் பிரிவின் ஆவணக் காப்பகம் காணாமற்போனது. மூலப் படச்சுருள்கள் என்னவாயின என்பது பற்றிப் பலரும் தேடினர். அஸ்ஸா எல்-ஹசன் 2004-இல் அந்தத் தேடலையே ஒரு படமாக எடுத்தார். வெளியூர்த் திரையிடல்களுக்காக அனுப்பப்பட்ட பிரதிகள் மட்டும் அங்கங்கே தப்பியிருந்தன. அவ்வாறு ஜப்பானியக் குழு ஒன்று டோக்கியோவில் பல்லாண்டுகள் காத்துவைத்த 20 சுருள்களை அடிப்படையாகக் கொண்டு, பாலஸ்தீன இயக்குநர் மோஹனத் யாகுபி 2022-இல் 'ஆர்21' என்ற படத்தை உருவாக்கினார். சுருள்கள் இருபது, அவற்றைக் காத்தவர்களின் கதையைச் சொல்லும் தம் படத்தை இருபத்தொன்றாம் சுருளாக அவர் எண்ணினார்.